அது கேமரான்னு சொன்னாங்க

காய் நறுக்குற ரூம்ல கூரையில மாட்டியிருந்ததை அலுமினியக் குண்டான் கவுத்து மூடிக் கட்டுனது நான்தான். அதை நான் என்னைக்கும் இல்லேன்னு சொன்னதில்ல. மேசை மேல ஏறினது நான், கம்பிய முறுக்குனது நான். அதனாலதான் எங்க அண்ணன் கடைசியா கூப்பிட்டப்ப எனக்கு போன் அடிக்கல. இவ்வளவும் நெசம். ஆனா அது கேமரான்னு சொன்னது நான் இல்ல. சொன்னவரு இன்னைக்கு வரைக்கும் அது தப்புன்னு நாலு பேரு முன்னாடி ஒத்துக்கல. அந்தக் கோவம் எனக்குப் போவல. எட்டாவதோட படிப்ப நிறுத்துனவ நான். எழுத்துல தப்பிருந்தா இருந்துட்டுப் போவட்டும், நடந்ததுல தப்பில்ல.

நான் வேலை செய்யறது ஒரு யுனிவர்சிட்டியில, பொண்ணுங்க ஹாஸ்டல் மெஸ்ஸுல. பெரம்பலூர் தாண்டி பஸ்ல போனா ரெண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியுமா வந்துகிட்டே இருக்கும், நடுவுல திடீர்னு கண்ணாடிக் கட்டடமா நிக்கும். அதுதான். பேரு வேணாம். மெஸ்ஸுல நாங்க ஒம்போது பொம்பளைங்க. வாரம் பூரா அங்கேயே குவார்ட்டர்ஸ்ல தங்கிட்டு, ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போவோம். எனக்கு ஊரு விக்கிரமங்கலம் பக்கம். அரியலூர் போயி பஸ் மாறணும்.

அரியலூர்லதான் எங்க அண்ணன் லாரி ஓட்டுனான். சுண்ணாம்புக்கல்லு லோடு. சுரங்கத்துலேர்ந்து சிமெண்ட் ஃபேக்டரி, ஃபேக்டரியிலேர்ந்து சுரங்கம். ஒரு நாளைக்கு எத்தனை நடைன்னு அவனுக்கே தெரியாது. தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளையா இருப்பான். அப்பா நாங்க சின்னதா இருக்கும்போதே போயிட்டாரு. அம்மா காட்டு வேலைக்குப் போவும். என்னைவிட மூணு வயசு மூத்தவன், ஆனா என்னை பாப்பான்னுதான் கூப்பிடுவான். எனக்கு இருபது வயசானப்பவும் பாப்பாதான். பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்கக் கத்திக் கூப்பிடுவான், எனக்கு மானம் போவும்.

அவன் புது போன் வாங்குனப்ப பழசை எனக்குக் குடுத்தான். அஞ்சாம் நம்பர் பட்டன்ல எழுத்தே அழிஞ்சு போயிருந்துச்சு, அமுக்கி அமுக்கி. அதுல முதல் பேரா அவன் பேரைப் போட்டுக் குடுத்தான். அவன் போன்ல முதல் பேரு பாப்பா.

எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. ஒரு ரிங் விட்டு கட் பண்ணா லோடு ஏத்திட்டேன், கெளம்புறேன்னு அர்த்தம். ரெண்டு ரிங்னா ரூமுக்கு வந்துட்டேன், சாப்புட்டேன். விடாம அடிச்சா எடுத்துப் பேசணும். அப்ப எல்லாரு வூட்டுலயும் இந்த மாதிரி ஏதோ ஒண்ணு இருந்துச்சு. பேசாமலே எல்லாம் பேசிக்கிட்டோம். மத்தியானம் ஒரு ரிங் வந்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும். அவன் ரோட்டுல இருக்கான், நல்லாருக்கான்.

ஆனா அந்த ரிங் வரணும்னா சிக்னல் வேணும்ல. அந்த காம்பவுண்டுக்குள்ள சிக்னலே கெடையாது. பொண்ணுங்க லைப்ரரி மொட்டை மாடியில வரிசையா நிக்கும். வாத்தியாருங்க கேட்டுக்கு வெளிய பஸ் ஸ்டாப்புல நின்னு பேசுவாங்க. எங்களுக்குன்னு ஒரு எடம் இருந்துச்சு. மெஸ்ஸுக்குப் பின்னாடி மிச்ச சோத்து டிரம் வைக்கிற எடத்துல காம்பவுண்டு செவுரு. அந்த செவுத்து மேல போனை வச்சா ஒரு கோடு வரும், எடுத்தா போயிடும். அதனால வச்சபடியே குனிஞ்சு காதைக் குடுத்துப் பேசணும். அந்த நாத்தத்துல நின்னு எத்தனை நாளு அவன்கிட்ட பேசியிருக்கேன். என்ன பாப்பா மூக்க மூடிக்கிட்டு பேசறியான்னு கேப்பான்.

டவர் வைக்க போன் கம்பெனிக்காரங்க எடம் கேட்டாங்களாம். யுனிவர்சிட்டிப் பெரியவங்க முடியாதுன்னுட்டாங்களாம். ஏன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வாட்ச்மேன் சொன்னாரு, கட்டடத்தோட அழகு கெட்டுடுமாம். ஆபீஸ்ல சொன்னாங்க, பொண்ணுங்க படிக்கிற எடத்துல டவர் கதிர்வீச்சு அடிக்குதுன்னு பெத்தவங்க சண்டைக்கு வருவாங்களாம். எதுவோ. டவர் இல்லாமலே சிக்னல் கொண்டு வரலாம்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க. அது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு யாரு சொல்லப் போறா.

மொதல்ல ஒரு இஞ்சினியர் சார் வந்தாரு. லேப்டாப்பை கொழந்தை மாதிரி நெஞ்சுல அணைச்சுக்கிட்டு, அதுல ஒரு போனை ஒயரு போட்டு மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு வராண்டாவா நடந்தாரு. நடப்பாரு, நிப்பாரு, எழுதுவாரு. எங்க மெஸ்ஸுப் பக்கம் அவரு வந்தது லீவு நாளாம், நாங்க ஊருக்குப் போயிருந்தோம். அப்புறம் ரெண்டு ஆளுங்க வந்து செவுத்துல ஓட்டை போட்டு கை தண்டி கறுப்பு கேபிள் இழுத்தாங்க. கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்தாங்க. எங்க சோத்துலயும் கொழம்புலயும் செங்கத்தூளு விழுந்துச்சு. அங்கங்க கூரையில வெள்ளையா, கவுத்து வச்ச கொட்டாங்குச்சி கணக்கா ஒண்ணை மாட்டுனாங்க. கடைசியா ஒண்ணை எங்க காய் நறுக்குற ரூம்ல மாட்டுனாங்க.

அந்த ரூமைப் பத்திச் சொல்லணும். அதுதான் நாங்க சின்ன வெங்காயம் உரிக்கிற எடம், காய் அரியிற எடம், சோறு திங்கிற எடம். பாத்திரம் கழுவி பொடவை நனைஞ்சு போனா கதவைச் சாத்திக்கிட்டு மாத்திக்கிற எடமும் அதுதான். வேற எடம் எங்களுக்குக் குடுக்கல. அங்க ஒரு ஃபேன் இருக்கு. அது ஓடி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு.

கேபிள் இழுத்த ஆளுங்கள்ல ஒருத்தருக்கு அரும்பாவூரு. ஏணி மேல நிக்கும்போது நான் கேட்டேன், இது என்னண்ணேன்னு.

"போனுக்கும்மா. இனிமே இங்கேயே ஒக்காந்து பேசலாம்."

எங்கள்ல மூத்தவங்க குன்னத்துக்கார அக்கா ஒருத்தங்க. அவங்க வாய்க்கு முன்னாடி யாரும் நிக்க முடியாது. வெங்காயத்தைக் கீழ வச்சுட்டு நிமிந்து பாத்தாங்க.

"ஏன்ப்பா, அந்த ஃபேனைப் பாரு. ரெண்டு வருசமா அதுக்கு உசுரு குடுக்க ஆளில்ல. வெங்காயம் உரிக்கிறவளுக்குப் போன் பேச வசதி பண்ணித் தராங்களா? வேற யாருகிட்டயாவது சொல்லு."

எல்லாரும் சிரிச்சோம். அந்த ஆளும் சிரிச்சுக்கிட்டே எறங்கிட்டாரு. அவரு சொன்னதுதான் நெசம். அதை நாங்க சிரிச்சுத் தள்ளிட்டோம்.

சாயந்தரம் மெஸ் சூப்பர்வைசர் வந்தாரு. நல்லா பேசுவாரு, எப்பவும் சிரிச்ச முகந்தான். அவருகிட்ட கேட்டோம். அவரு அண்ணாந்து பாத்துட்டு, கேமரான்னாரு. எண்ணெய் எங்க போவுது, வெங்காயம் எங்க போவுதுன்னு மேல ஆபீஸ்ல ஒக்காந்து டிவியில பாப்பாங்களாம். திருச்சியில நகைக்கடையில எல்லாம் இதுதானாம். ரவுண்டா வெள்ளையா இருக்கும், உள்ளார கண்ணு சுத்திக்கிட்டே இருக்குமாம். நானும் நகைக்கடை வாசல்ல அந்த மாதிரி ஒண்ணைப் பாத்திருக்கேன்.

அக்கா கேட்டாங்க, சார் நாங்க துணி மாத்துற எடம் சார் இதுன்னு.

"தப்புப் பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" அப்படின்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

இப்ப யோசிச்சா எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான். ஒரு ஆளு நல்லதுக்கு மாட்டுறோம்னு சொன்னாரு, நம்பல. ஒரு ஆளு நீங்க திருடறீங்களான்னு பாக்க மாட்டுனதுன்னு சொன்னாரு, ஒடனே நம்பிட்டோம். ஒம்போது பேருல ஒருத்திக்குக்கூட சந்தேகம் வரல. எங்களை அப்படிப் பழக்கி வச்சிருந்தாங்க. வேலை முடிஞ்சு போறப்ப பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் போவணும். ஊருக்குப் போறப்பவும் அப்படித்தான். தெனம் பையைக் காட்டுறவளுக்கு கூரையில எதையாவது மாட்டுனா கேமரான்னுதான தோணும்?

ரெண்டு நாளு துணி மாத்தாம ஈரத்தோடயே வேலை செஞ்சோம். மூணாம் நாளு அக்கா ஒரு அலுமினியக் குண்டானை எடுத்தாந்தாங்க. அடி ஒடுங்குனது, எதுக்கும் ஆவாதது. நான்தான் ஒசரம், என்னை மேசை மேல ஏறச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் கேபிள் போற பைப்பைப் புடிச்சு கிளாம்பு அடிச்சிருந்துச்சு. குண்டானை அந்த வெள்ளை மேல கவுத்து, காதுல கட்டுக்கம்பியக் கோத்து, கிளாம்போட சேத்து முறுக்கிட்டேன். ஆடல. கச்சிதமா ஒக்காந்துச்சு. கீழ எறங்கறப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. அன்னைக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையை நெனச்சாதான் இப்பவும் தாங்க முடியல.

சூப்பர்வைசர் அதைப் பாத்தாரு. நான் அவரு கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தேன், கத்துவாருன்னு. கத்தல. குண்டானைப் பாத்து சிரிச்சுட்டு, சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஒரு பதினஞ்சு நாள் கழிச்சு எல்லாத்தையும் ஆன் பண்ணாங்க. அதுவரைக்கும் அது சும்மாதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சாம். ஒரே நாள்ல கேம்பஸ் பூரா சிக்னல். பொண்ணுங்க ரூம்லேர்ந்தே பேச ஆரம்பிச்சிட்டாங்க. சாப்பாட்டு ஹால்ல ரெண்டு மூணு கோடு வந்துச்சு. எங்க ரூமுக்குள்ள வந்தா ஒண்ணும் இல்ல. அப்ப நாங்க என்ன சொல்லிக்கிட்டோம் தெரியுமா? பாத்தியா, எல்லா எடத்துக்கும் சிக்னல் வந்துடுச்சு, நமக்கு மட்டும் வரல, நமக்கு மாட்டுனது கேமராதான்னு. அக்கா சொன்னாங்க, நான் அன்னைக்கே சொல்லலையான்னு. எங்க கையால மூடி வச்சுட்டு அதையே சாட்சியாவும் ஆக்கிக்கிட்டோம்.

அதோட செவுரும் போச்சு. உள்ளயே சிக்னல் வந்துடுச்சுல்ல, இனிமே யாரும் செவுத்துகிட்ட போயி நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. செவுத்து மேல கண்ணாடிச் சில்லு பதிச்சாங்க. எங்க ரூம்ல வரல சார்னு நான் அவருகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் உன் போனு டப்பா போனுன்னாரு. குண்டானைக் கழட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல.

நானும் அதை நம்பி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில போனைக் காட்டுனேன். கழட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்ல, நல்லாருக்குன்னுட்டாரு. அண்ணன்கிட்ட சொன்னேன். அவன் சொன்னான், போன்ல ஒண்ணுமில்லன்னா உன் மூஞ்சியப் பாத்துதான் சிக்னல் ஓடுது. அப்புறம் அவனே ஒரு வழி சொன்னான். நீ பரிமாறுற நேரத்துல ஹால்ல இருப்பல்ல, பன்னெண்டுலேர்ந்து ரெண்டுக்குள்ள ரிங் விடறேன்னான். அப்படியே விட்டுக்கிட்டு இருந்தான். ரெண்டு மணிக்கு மேல நான் வெங்காயத்துக்குப் போயிடுவேன்னு அவனுக்குத் தெரியும்.

அன்னைக்கும் மத்தியானம் ஒரு ரிங் வந்துச்சு. நான் ரசம் ஊத்திக்கிட்டு இருந்தேன். இடுப்புல அதிர்ந்துச்சு, நின்னுச்சு. சரின்னு நெனச்சுக்கிட்டேன்.

ஃபேக்டரிக்கு வெளிய ரோட்டோரமா லாரிங்க வரிசையில நிக்கும், லோடு எறக்க. முன்னாடி நின்ன லாரி பின்னாடி உருண்டு வந்துச்சாம். எங்க அண்ணன் ரெண்டு லாரிக்கும் நடுவுல டயரைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது எப்படி உருண்டுச்சுன்னு இதுக்கு மேல யாரும் என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல.

அந்த நேரம் நான் அந்த ரூம்ல, சரியா அந்தக் குண்டானுக்குக் கீழ, மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். போன் இடுப்புலதான் இருந்துச்சு.

மெஸ் ஆபீஸ் லேண்ட்லைனுக்குத் தகவல் வந்துச்சு. எங்க ஊருக் கடைக்காரரு நம்பரைத் தேடிப் புடிச்சுப் பேசியிருக்காரு. வேலை நேரத்துல ஆளைக் கூப்புட முடியாது, அஞ்சு மணிக்குச் சொல்றோம்னு வச்சிட்டாங்களாம். மறுபடி பேசி, ஆளு செத்துப் போச்சுய்யான்னு அவரு கத்துன பெறகுதான் வாட்ச்மேன் ஓடி வந்தாரு. கையில வெங்காயத் தோலோட கெளம்புனேன். சாப்பாட்டு ஹாலுக்குள்ள கால் வச்சதும் இடுப்புல போன் கீ கீன்னு கத்துச்சு. மூணு மெசேஜ். இந்த நம்பர்லேர்ந்து உங்களைக் கூப்பிட்டாங்கன்னு கம்பெனிக்காரன் அனுப்புவான்ல, அது. மூணும் அண்ணன் நம்பரு. ரெண்டே முக்காலுக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் அடுத்தடுத்து ரெண்டு.

நான் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். கூப்பிட்டிருக்கானே, அப்ப உசுரோட இருக்கான்னு. அந்த ஹால்ல நின்னு திருப்பிப் போட்டேன். எடுத்தது வேற ஆளு.

அரியலூர் பெரியாஸ்பத்திரியில பொணமாத்தான் குடுத்தாங்க. தலைமுடியில சுண்ணாம்புத் தூளு இருந்துச்சு. அம்மா அதைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒருத்தரு வந்தாரு. ஃபேக்டரி ரோட்டுல டீக்கடை வச்சிருக்கவரு. அன்னைக்கு போனை எடுத்தவரு அவருதான். அண்ணன் போனை ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி பத்திரமா கொண்டாந்தாரு. அம்மாகிட்ட குடுக்கல, நீதான் பாப்பாவான்னு கேட்டு என்கிட்ட குடுத்தாரு. பந்தலுக்கு வெளிய நின்னுதான் சொன்னாரு.

"நெனப்பு தெளிவாத்தாம்மா இருந்துச்சு. ஆம்புலன்சுக்கு சொல்லியாச்சுன்னேன். அதெல்லாம் இருக்கட்டும், பாப்பாவுக்குப் போடுங்கண்ணே அப்படின்னாரு. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவரே கட்டை வெரலால அமுக்குனாரு. நான் காதுல புடிச்சேன். எல்லைக்கு அப்பால் இருக்காருன்னு ஒரு பொம்பளை சொல்லுச்சு. இன்னொருக்கா போடுங்கண்ணேன்னாரு. அதே. மூணாவது தடவை, என் காதுல வைங்கண்ணே, ரிங் போவுதான்னு நானே கேக்கறேன்னாரு. வச்சேன். கேட்டாரு. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பான்னு சொன்னாரு. அப்புறம் பேசல."

நான் போனை எடுத்திருந்தா அவன் பொழைச்சிருப்பான்னு சொல்லல. டாக்டரே சொல்லிட்டாரு, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னு. ஆனா நான் பேசியிருப்பேன். அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எங்க அண்ணன் காதுல கடைசியா கேட்டது ஊரு பேரு தெரியாத ஒரு ரெக்கார்டு பொம்பளையோட குரலு. நான் தூரத்துல இல்ல. எல்லைக்கு அப்பால இல்ல. மாட்டி வச்ச சிக்னலுக்கு நேர் கீழ ஒக்காந்திருந்தேன்.

இதுகூட அப்ப எனக்குத் தெரியாது. காரியம் முடிஞ்சு வேலைக்குத் திரும்புன வாரம், மெஸ்ஸு மூலையில சிக்னல் வரலன்னு வார்டன் எழுதிப் போட்டாங்கன்னு அந்த லேப்டாப் இஞ்சினியர் மறுபடி வந்தாரு. எங்க ரூமுக்குள்ள வந்து அண்ணாந்து பாத்தாரு. பாத்துட்டு சிரிச்சாரு பாருங்க, அந்த சிரிப்பு. வெளிய போயி இன்னொரு ஆளைக் கூட்டியாந்து காட்டுனாரு. போட்டோ எடுத்தாரு. ஆன்டனாவுக்கு யாரும்மா தொப்பி போட்டதுன்னு கேட்டாரு.

ஏணி போட்டு கம்பிய வெட்டி குண்டானை எடுத்தாரு. எடுத்த கையோட என் இடுப்புல போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தேன். அம்மா ஊருக் கடைக்காரரு போன்லேர்ந்து ஒரு ரிங் விட்டிருக்கு. அண்ணன் போன பெறகு அம்மா தெனம் அப்படி விடும், சும்மா. அந்த ரூமுக்குள்ள முதல் தடவையா எனக்கு ரிங் வருது. நாலு கோடு. முழுசா நாலு கோடு.

நான் அங்கேயே ஒக்காந்துட்டேன். அக்காதான் அவருகிட்ட விசயத்தைச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவரு சிரிக்கல. வெங்காய மூட்டை மேல ஒக்காந்து எனக்கு வெளக்கிச் சொன்னாரு. மெயின் கட்டடத்து மொட்டை மாடியில ஒரு ஆன்டனா, தூரத்துல இருக்குற டவரைப் பாத்து நிக்குமாம். அது புடிக்கிறதை ஒரு பொட்டி பெருசாக்குமாம். அப்புறம் கேபிள்ல வந்து, இந்த வெள்ளை மூடி வழியா ரூமுக்கு ரூம் விடுமாம். தண்ணித் தொட்டியிலேர்ந்து பைப் போட்டு கொழாய்ல விடறாப்பல. அலுமினியம், இரும்பு எது மூடுனாலும் வெளிய வராதாம்.

"இதை மாட்டுன அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னோமேம்மா. உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லி கையெழுத்துகூட வாங்கியிருக்கோம்."

அப்ப அவருக்குத் தெரியும். கேமரான்னு சொல்றப்பவே தெரியும். குண்டானைப் பாத்து சிரிக்கறப்பவும் தெரியும். உன் போனு டப்பான்னு சொன்னாரே, அப்பவும் தெரியும்.

மூணு நாள் கழிச்சு ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு பேப்பர் டைப் அடிச்சு வச்சிருந்தாங்க. நிறுவனத்தின் சாதனத்தை அனுமதியில்லாமல் மூடியதற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு செய்ய மாட்டேன்னு. ஆபீஸ்காரரு படிச்சுக் காட்டிட்டு கீழ கையெழுத்துப் போடுன்னாரு. பக்கத்துல சூப்பர்வைசர் நின்னாரு. வருத்தம்தான் சார், எனக்கு எவ்வளவு வருத்தம்னு உங்களுக்குத் தெரியாது, ஆனா கேமரான்னு சார் சொன்னதாலதான் மூடுனோம், அதையும் எழுதுங்கன்னேன்.

சூப்பர்வைசர் அப்பவும் சிரிச்சாரு.

"அட, அது தமாசுக்குச் சொன்னதும்மா. அதப் போயி நெசம்னு நம்புவீங்களா?"

"எங்க அண்ணனுக்கு அது தமாசுன்னு தெரியாது சார்."

அவரு மூஞ்சி மாறுச்சு. ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னாரு. நான் பேனாவை வாங்கி, அந்த டைப் அடிச்சதுக்குக் கீழ, கேமரான்னு சூப்பர்வைசர் சொன்னாரு, அதனால மூடுனோம்னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன். கேமராவுக்கு ர போடறதா ற போடறதான்னு தெரியல, தோணுனதைப் போட்டேன். ஆபீஸ்காரரு பாத்துட்டு இது ஃபைல்ல வைக்க முடியாதும்மா, வேற பேப்பர் அடிச்சுத் தரேன்னாரு. வேற பேப்பர்ல போட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்காவைக் கூப்பிட்டாங்க. அவங்களும் போடல. மூடச் சொன்னவளே நான்தான், என்னைக் கேளுங்க, நான் சொல்றேன் யாரு சொன்னாங்கன்னு அப்படின்னு அந்த ஆபீஸ்லயே சத்தம் போட்டுட்டு வந்தாங்க. மத்தவங்க போட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவமில்ல. வூட்டுல புள்ளைங்க இருக்கு.

நாலு நாளு எனக்கு வேலை இல்லன்னாங்க. அஞ்சாம் நாளு சமையலுக்கு ஆளு பத்தலன்னு அவங்களே கூப்பிட்டாங்க. போனேன். அம்மாவைப் பாக்கணும்ல. அந்தப் பேப்பர் என்ன ஆச்சுன்னு தெரியல. கிழிச்சிருப்பாங்க. சூப்பர்வைசர் என்கிட்ட நேரா பேசறதில்ல. எதுன்னாலும் இன்னொருத்தியக் கூப்பிட்டு என்கிட்ட சொல்லச் சொல்லுவாரு. சிரிக்கறதை மட்டும் நிறுத்தல.

அடுத்த மாசம் கேம்பஸ் பூரா அந்த வெள்ளை மூடிங்களுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு. சாப்பிட வந்த ஒரு பொண்ணை உள்ள கூப்பிட்டு, என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொன்னேன். மூடாதே, தொடாதேன்னு போட்டிருக்குக்கான்னுச்சு. வேற ஒண்ணும் இல்லையான்னேன். இல்லக்கா, அவ்வளவுதான்னுச்சு. அது என்னன்னு போடல. இவ்வளவு நடந்த பெறகும், ஒரு சாவு விழுந்த பெறகும், அது என்னன்னு ஒரு வரி தமிழ்ல எழுத அவங்களுக்கு மனசு வரல.

அதனால நானே சொல்லிடறது. புதுசா யாரு வேலைக்குச் சேந்தாலும், கத்தி எங்க இருக்கு, அரிவாமணை எங்க இருக்குன்னு காட்டறதுக்கு முன்னாடி, அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி மேல கையக் காட்டி சொல்லிடுவேன். போன மாசம் ஒரு பொண்ணு சேந்துச்சு, குன்னத்துப் பக்கந்தான், கல்யாணமாகி ஆறு மாசம், புருசன் துபாய்ல. அதுகிட்டயும் சொன்னேன். இது போன் பேசறதுக்கு, கேமரா இல்ல, யாரு என்ன சொன்னாலும் மூடாத, இங்கேயே ஒக்காந்து உன் வூட்டுக்காரரு கூட பேசலாம்னு.

அது அண்ணாந்து பாத்துச்சு. ஃபேனைப் பாத்துச்சு. ஃபேன் இன்னும் ஓடல. அப்புறம் என்னைப் பாத்து சிரிச்சுச்சு.

"நமக்காக்கா இதெல்லாம் மாட்டுவாங்க?"

நான் என் போனை எடுத்து அதுகிட்ட நீட்டுனேன். நாலு கோடு இருந்துச்சு. அது போனைப் பாத்துச்சு, மறுபடி மேல பாத்துச்சு, முந்தானையை இழுத்து நல்லா போத்திக்கிச்சு.